நெஞ்சு நோய்க்காரரின் கொக்கிப்புழு

ரத்தம் கேட்டால் கையை நீட்டுகிற நோயாளி, மலம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்; அந்த முகத்தை நம் பக்கம் திருப்புவதுதான் நர்ஸ் வேலையில் பாதி. வார்டில் நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. எங்கள் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்து, இனி தேறமாட்டார் என்று நினைத்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து மீன்குழம்பு கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் நெஞ்சு நோயோடு வருகிறவர் அதை மட்டும் கொண்டுவருவதில்லை. வயிற்றில் கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி என்று ஒரு குடும்பமே கூட வரும். அதனால் புதிதாக யார் வந்து படுத்தாலும் மலப் பரிசோதனை கட்டாயம் என்பது பெரிய டாக்டரின் சட்டம். சட்டம் அவருடையது, டப்பாவை நீட்டுகிறவள் நான்.

சிரட்டை நிறைய

இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர் சூசை. வலை இழுத்த உடம்பு, காசத்தில் கரைந்து போயிருந்தது. அவர் கையில் சின்ன டப்பாவைக் கொடுத்து, சுண்டைக்காய் அளவு போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

மறுநாள் காலை பெரிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றை வாழையிலையால் மூடி, கோவில் பிரசாதம்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். லேப்காரர் ஜன்னலைத் திறக்க ஓடினார். இத்தனை எதற்கு என்று கேட்டேன். சூசைக்கு என்மேல்தான் வருத்தம்.

“கொறஞ்சு போச்சுன்னு திருப்பி அனுப்பிருவியளோன்னு பயந்துதான் சிஸ்டரே, நான் மூணு வேளையும் நல்லா தின்னேன்.”

வழி தெரியாத ஆஸ்பத்திரி

சூசைக்கு அடுத்த கட்டில் மாதேவன் பிள்ளையுடையது. தோவாளைப் பக்கத்தில் நெல் விவசாயம். டப்பாவை நீட்டியதுமே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு, அவர் மனைவி பகவதியம்மாள்தான் டப்பாவை வாங்கிப் போய் மறுநாள் காலையில் கொண்டுவந்தாள். பரிசோதித்ததில் ஒன்றும் இல்லை, சுத்தம்.

ஊசியில் இருமல் அடங்கியது. ஆனாலும் நுரையீரலில் ஒரு ஓட்டை மூடாமல் நின்றது. விலா எலும்புகள் சிலவற்றை எடுத்தால்தான் அது மூடும் என்றார் டாக்டர். எலும்பை எடுக்க உடம்பில் ரத்தம் வேண்டுமே? மனிதர் வெளுத்த வேட்டி நிறத்தில் இருந்தார். இந்த ரத்தத்தோடு மேசையில் கிடத்தினால் திரும்ப இறக்க முடியாது என்று டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போனார். ஓட்டை அப்படியே இருந்தாலோ, ஒரு நாள் ரத்தமாகக் கக்கிப் போய்விடுவார். ரத்தத்தை யார் குடிக்கிறார்கள் என்று தெரியாமல் மறுபடி மறுபடி மலப் பரிசோதனைக்கு எழுதினார். ஒவ்வொரு தடவையும் சுத்தம். மாதேவன் பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

“சீக்கு நெஞ்சுல கெடக்கு, நீங்க தேடுகது வேற எடத்துல. வழி தெரியாத ஆஸ்பத்திரியால்லா இருக்கு இது.”

ஒரே சட்டிச் சோறு

கும்பப்பூ நெல் அறுப்பு வந்தது. களத்தில் ஆள் வேண்டும் என்று பகவதியம்மாள் ஊருக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் மறுபடியும் பரிசோதனை எழுதினார். டப்பா கட்டிலடியில் காலியாகவே கிடந்தது. கேட்டால், “அவ வரட்டும்” என்கிறார் மாதேவன் பிள்ளை. இதற்கு எதற்கு அவள் வர வேண்டும் என்றேன். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

பகவதியம்மாள் திரும்பியதும் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. ஊரில் கண்டால் நாலு பேர் எழுந்து நிற்கிற மனுஷன். அவருடையதை யாரோ கண்ணாடி வைத்துப் பார்ப்பதாவது? அதனால் இத்தனை நாளும் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில், அவர் உயிரோடு விளையாடியிருக்கிறாய் என்று கத்திவிட்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அவள் நியாயம்.

“நாங்க ரெண்டு பேரும் ஒரே சட்டிச் சோறுதானே நர்சம்மா திங்கோம். அவியளுக்குப் புழு இருந்தா எனக்கும் இருக்கும்லா?”

தேங்காய் இல்லாத நாள்

கொக்கிப்புழு சோற்றில் வருவதில்லை, மண்ணிலிருந்து காலில் ஏறும். அவர்கள் வீட்டில் பெண்களுக்குப் பின்கட்டில் ஓலை மறைப்பும் கல் தளமும் உண்டு. ஆண்கள் காலைக்கடனுக்கு வெறுங்காலோடு தென்னந்தோப்புக்கு, எங்கள் பேச்சில் தென்னை விளைக்கு, போவார்கள். மாதேவன் பிள்ளையுடையதை அவரையே கொடுக்க வைத்துப் பார்த்தால், மைக்ராஸ்கோப்பில் கண் வைத்த இடமெல்லாம் முட்டை.

புழு மருந்தும் லேசுப்பட்டதல்ல. அந்த உடம்பு தாங்குமா என்று டாக்டரே யோசித்தார். முதலில் இரும்புச் சத்து மருந்து கொடுத்துத் தெம்பு ஏற்றி, பிறகுதான் அதைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் எண்ணெய், தேங்காய் எதுவும் ஆகாது. நாஞ்சில் நாட்டுக்காரருக்குத் தேங்காய் இல்லாத கறியை நீட்டிப் பாருங்கள், என் பாடு புரியும். மருந்து இறங்கியதும் தலைசுற்றி மயங்கிவிட்டார். நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் திருவட்டாறு பெருமாளை அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி நான் பரீட்சைக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. சாயங்காலம் கண் திறந்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து சூசை, உள்ளே எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்; மாதேவன் பிள்ளை முனகினார்.

“மருந்துல புழு செத்துச்சோ என்னமோ வே. தேங்கா இல்லாத அந்தக் கறியில கண்டிப்பா செத்துருக்கும்.”

செருப்பு

கொஞ்சம் கொஞ்சமாக நகக்கண்ணில் சிவப்பு ஏறியது. ஆபரேஷன் நடந்தது, ஓட்டை மூடியது. வீட்டுக்கு அனுப்பும்போது, இனி செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்றார் டாக்டர். மாதேவன் பிள்ளை கும்பிட்டு நின்றார். வயல் லெட்சுமி, அதில் செருப்போடு இறங்கினால் பசி எடுக்கும்போது எந்த முகத்தோடு சோற்றில் கை வைப்பது என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டோம். வயலுக்கு வேண்டாம், விளைக்குப் போகும்போது மட்டுமாவது கட்டாயம்.

அடுத்த வருடம் பரிசோதனைக்கு வந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. டப்பாவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பகவதியம்மாள் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நின்றாள். மாதேவன் பிள்ளையின் காலைப் பார்த்தால் வெறுங்கால். செருப்பு எங்கே என்று அதட்டினேன்.

“அது விளைக்கு மட்டும்தான் நர்சம்மா. இப்பம் நான் செருப்ப மாட்டினா போதும், எங்க போறேன்னு ஒருத்தனும் கேக்கதில்ல, ஊரே வழி விடுது.”

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் இத்தனை வருடம் இருந்து நான் கற்றுக்கொண்டது, சில பேருடைய நெஞ்சுக்குப் போகிற வழி தென்னை விளை வழியாகத்தான் போகிறது என்பதே.