கரடி முதுகில் இரண்டு குட்டிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் புதூர்நாட்டுக் கால்நடை மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக இருந்தேன். மாட்டுக்கு ஊசி போடுவது பிழைப்பு. காட்டு விலங்குகளைப் படமெடுப்பது கிறுக்கு. அந்தக் கிறுக்கில் எனக்கு நிதானம் மட்டும் கிடையாது.

சித்திரையில் ஒருநாள், பசுவுக்கு மருந்து வாங்க வந்த மலை விவசாயி ஒருவர் சொன்னார்: "சார், எங்க பலா மரத்தாண்ட பொழுது சாயறப்ப கரடி வருது. முதுவு மேல ரெண்டு குட்டி."

அன்று மாலையே அவருடைய சாமைக் கொல்லைப் பரணில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வீட்டில் ஒரு வழக்கம். அடிமரத்தில் காய்க்கும் பலாவைப் பறிக்க மாட்டார்கள். "அது கரடி பங்குங்க. கீழயே கெடச்சிட்டா மேல ஏறி கெளய முறிக்காது" என்றார்.

கரடி வந்தது. குட்டிகள் இரண்டும் தாயின் மயிரைப் பிடித்துக்கொண்டு முதுகில் சவாரி செய்தன. அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. ஆனால் என் பழைய கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் கரடி எது, புதர் எது என்றே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஆறு படம் எடுத்தேன்.

போளூர் ஸ்டுடியோவில் கழுவிப் பார்த்தால் ஒரே கரி. விவசாயியிடம் ஒன்றைக் காட்டினேன். அவர் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு தலையும் தெரியுதே சார்" என்று சிரித்தார். இதெல்லாம் படமா என்று பிடுங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் எரிச்சலில் ஆறையும் கிழித்து, நெகட்டிவையும் சேர்த்து அடுப்பில் போட்டேன்.

கேமராவை மாற்றியே தீர வேண்டும். குட்டிகள் வளர்ந்து முதுகை விட்டு இறங்குவதற்குள் மாற்ற வேண்டும். என் லென்ஸ் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி செத்தாலும் ஷட்டர் வேலை செய்யும். ஆனால் அதன் மீட்டர் முள் கறுப்பு, அந்தி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றில் உள்ளே சிவப்பு விளக்கு எரிந்து அளவு காட்டும், காட்சியும் பளிச்சென்றிருக்கும். பேட்டரி போனால் அது வெறும் பெட்டி. புதூர்நாட்டில் அந்தப் பேட்டரிக்கு நான் எங்கே போவேன்?

மலைக்குத் தோல் வாங்க வந்து பழக்கமான வாணியம்பாடி பாய் ஒருவர் இருந்தார். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஆனியில் ஊருக்கு வருவதாக இருந்தார். வரும்போது மெக்கானிக்கலை வாங்கிவரச் சொல்லுங்கள் என்று பாய்க்குக் கடிதம் எழுதினேன். தபால் ஜீப் மலையிறங்கிய மறுநிமிடமே மனம் அரித்தது. நாலாம் நாள், விளக்குள்ளதே போதும் என்று எழுதினேன். அடுத்த வாரம் பேட்டரி பயம் வந்து, பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று இன்னொன்று. இரவெல்லாம் புரண்டேன், பகலில் மாட்டுக்காரர்கள்மீது எரிந்து விழுந்தேன்.

பாய் மலைக்கு வந்தபோது என் மூன்று கடிதங்களையும் எடுத்துக் காட்டினார். "இன்னா சார் இது? தோல்ல கூட நாங்க இவ்ளோ தரம் புரட்டிப் பாக்கமாட்டோம். ஒன்னு சொல்லுங்க."

விளக்குள்ளது என்றேன். ஆனால் அந்தச் சேதி சிங்கப்பூர் போவதற்குள் மச்சான் வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டார். வேறொருவர் மூலம் கேமரா என் கைக்கு வரும்போது ஆடி பாதி போயிருந்தது.

ஓடினேன். மரத்தில் மேலே ஒரு காயும் இல்லை, எல்லாம் சந்தைக்குப் போயாகிவிட்டது. அடியில் மட்டும் மூன்று பழம் வெடித்துக் கிடந்தன. கரடி கண்டிப்பாக வரும் என்றார் விவசாயி. அந்தியில் வந்தது. கண்ணுக்குள் சிவப்பு விளக்கு எரிய, மூச்சை அடக்கி அழுத்தினேன். குட்டிகள் தாய்க்குப் பின்னால், புதரோரமாக நடந்து வந்தன. முதுகில் ஏற அவை முயலக்கூட இல்லை.

படம் அருமையாக வந்தது. விவசாயி அதை நெடுநேரம் பார்த்தார்.

"மயிரு மயிரா தெரியுது சார். சோக்கா கீது" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மொத ஒன்னு காட்டுனீங்களே, குட்டிங்க முதுவு மேல கீற படம், அத்த குடுக்கிறீங்களா? வூட்ல மாட்டி வெக்கலாம்னு."

கிழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தேடித் தருகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்டார். மாற்றலாகி மலையிறங்கும் நாள்வரை நானும் தேடுவதாகவே சொன்னேன்.