சுண்ணாம்புப் புள்ளிகள்

ஞாயிறுதோறும் வானொலியில் பழைய இசைத்தட்டுகள் போடுகிறார்கள். நேற்று ஒரு பாட்டுக்கு முன்னால் ஊசி கரகரத்ததுமே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவை, எங்கள் நைனாவை, திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மந்தைவெளியில் ஒரு மைக் செட் கடைக்காக நைனா விசேஷ வீடுகளில் ரிக்கார்டு போடுவார். எழுத்துத் தெரியாததால் ரிக்கார்டின் நடுவில் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்தார். ஒரு புள்ளி சாமி பாட்டு, இரண்டு சாவு வீட்டுப் பாட்டு, மூன்று கல்யாணப் பாட்டு.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் புள்ளிகள் எனக்கு அவமானமாக இருந்தன. ஒரு கல்யாணத்தன்று காலை, அவர் குளிக்கப் போனபோது எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பாட்டின் பெயர்களைத் தாளில் அழகாக எழுதி ஒட்டினேன். அவரோடு கல்யாணத்துக்கும் போனேன்.

மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கும்போது ஒலிபெருக்கி சாவு வீட்டுப் பாட்டைப் பாடியது.

"இன்னாயா, கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று கடை முதலாளி பாய்ந்து வந்தார்.

"ஆமா மொதலாளி, பார்வ மங்கிப் போச்சி" என்றார் நைனா.

அன்றே வேலை போனது.

நேற்று பாட்டு முடிந்ததும், "ரெண்டு புள்ளி" என்றார் நைனா.

"நான்தான் அழிச்சேன் நைனா."

"தெரியும்மா. பேரு ஒட்டிக்கினு இருந்திச்சே. நீயும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தே. அத்தினி பேரு முன்னால உன்னப் படிக்கச் சொல்ல வெக்கமாப் பூட்ச்சி."