பயந்தவனுக்கு ஒரு துவக்கு

கடைக்காரர் ஒரு துவக்கை எடுத்து என் கையில் தந்துவிட்டு, தொலைபேசி அடிக்கிறதென்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டார். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒரு தமிழனிடம் துவக்கைக் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே தோட்டா இல்லை, விசைக்குப் பூட்டும் போட்டிருந்தது. என்றாலும் எனக்கு வியர்த்துவிட்டது. ஸ்காபரோவுக்கு வடக்கே, ஒரு பீட்சாக் கடைக்கும் நாய்களுக்கு முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருக்கிற கடை அது. சுவரில் துவக்குகள் விலைச்சீட்டோடு, வீடு கூட்டுகிற தும்புத்தடிகள் மாதிரி வரிசையாகச் சாய்ந்திருந்தன. கையில் இருந்ததைத் திருப்பி மேசையில் வைக்கலாமா, வைத்தால் ஏதும் பிழை வருமா என்று தெரியாமல், பிறத்தியாரின் கைக்குழந்தையை வாங்கி வைத்திருப்பவன் போல அசையாமல் நின்றேன்.

திரும்பி வந்தவர் மிகவும் பொறுமையானவர். முதல் துவக்கென்றால் ‘பன்னிரண்டு கேஜ்’ வேண்டாம், குழல் பெரிது, தோளை உதைக்கும், இருபது போதும் என்றார். மானுக்கு என்று நான் சொன்னதும், அப்படியானால் ரைபிள் எடுங்கள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ற்றை இழுக்க வேண்டிய வகை நல்லது, அவசரப்பட முடியாது என்றார். லைசன்ஸ் வந்ததும் வந்து வாங்குங்கள், அதுவரை தோளில் வைத்துப் பார்ப்பதற்குக் காசில்லை என்று பகிடியும் விட்டார். பிறகு, “முன்பு துவக்கோடு பழக்கம் உண்டா?” என்று கேட்டார். “இந்தப் பக்கம் நின்று பழக்கமில்லை” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல பகிடிக்காரன் என்று என்னை நினைத்திருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அறுபதை எட்டிப்பிடிக்கிற வயதில் எனக்கேன் இந்த வேலை என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. என் ஒரே மகள் அபி, மார்க் என்ற பையனைக் கட்டி, அவனுடைய ஊருக்கே குடிபோய்விட்டாள். ரொறன்ரோவிலிருந்து வடக்கே அரைநாள் கார் ஓட்டம். நவம்பர் வந்தால் அந்த வீட்டு ஆண்களெல்லாம் காட்டுக் குடிலுக்கு மான் வேட்டைக்குப் போவார்கள். அவர்களுக்கு டிசம்பரில் வருகிற நத்தார்ப் பண்டிகையெல்லாம் இரண்டாம்பட்சம், அந்த ஒரு கிழமைதான் திருவிழா. அபியின் கலியாணம் முடிந்த முதல் வருடம் நானும் மனைவியும் போயிருந்தோம். ஆண்கள் விடியமுதல் புறப்பட்டுவிட்டார்கள். நான் குசினியில் பெண்களோடு இருந்து உருளைக்கிழங்கு தோல் சீவினேன். தோல் சீவுவதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர்கள் கதைத்ததெல்லாம் காட்டைப் பற்றித்தான். எல்லோரும் சிரித்தார்கள், அபியும் சிரித்தாள். அவர்கள் சிரித்து முடிக்கிற நேரம் பார்த்து நான் சிரித்தேன். அவள் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு மார்க்கின் தகப்பன் டேவ் என் தோளில் கைபோட்டு, “லைசன்ஸ் எடுங்கள் சிவா. அடுத்தமுறை எனக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு இடம்” என்றார். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள்தான், காலநிலையைப் பற்றி நிறையக் கதைப்பார்கள். ஆனால் எனக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு இடம் என்று எவரும் சொன்னதில்லை. நான் லைசன்ஸ் வகுப்புக்குப் பதிந்துவிட்டேன் என்று அறிந்ததும் அபி தானாகவே தொலைபேசி எடுத்தாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் போலத்தான் கதைப்பாள். “அப்பா, சீரியஸ்லி? மார்க்கின்ர டாட் சரியான ஹாப்பி. உங்களுக்கு எந்த சைஸ் பூட்ஸ்?” என்று கேட்டாள். பிறகு கிழமை நடுவிலும் எடுக்கத் தொடங்கினாள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் தேடியது மானையல்ல, மகளைத்தான்.

வகுப்பு ஒரு சனிக்கிழமை, ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் போல இருந்தார். எந்தத் துவக்கையும் தோட்டா நிரப்பியதாகவே நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் முதல் பாடம். பக்கத்தில் இருந்த பொடியன்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது பாலர் வகுப்பிலேயே சொல்லித்தந்தது. இரண்டாவது, குழல்வாய் எந்த நேரமும் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். செய்முறைச் சோதனையில் நான் துவக்கைத் தூக்கி, தோட்டா நீக்கி, வேலி கடந்து காட்டியபோது குழல்வாய் ஒரு மனிதர் பக்கமும் திரும்பவில்லை. அவர் மற்றவர்களைக் கூப்பிட்டு, “இவரைப் பாருங்கள், இந்த மரியாதையை உங்களுக்கு யார் பழக்கியது?” என்று கேட்டார்.

யார் பழக்கியது? அந்த நாளில் ஊரில், ஆனையிறவு ஆமிச் சோதனைச்சாவடியில் எங்களைப் பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். எங்கள் வயதுதான் இருக்கும், ஒரு ஆமிக்காரன். பக்கத்தில் நின்ற சினேகிதனோடு கதைத்துக்கொண்டு பிஸ்கற் சாப்பிட்டான். இடது கையில் பிஸ்கற், வலது கையில் துவக்கு. அவன் சிரிக்கும்போதெல்லாம் குழல்வாய் என் நெஞ்சிலிருந்து அடுத்தவன் நெஞ்சுக்குப் போய்த் திரும்பி வந்தது. அவனுக்கு எங்கள் மேல் கோபம்கூட இல்லை. அந்த ஓட்டையிலிருந்து நான் கண்ணை எடுக்கவேயில்லை. இதை எப்படி அந்த மண்டபத்தில் விளங்கப்படுத்துவது? “தகப்பனார்” என்று சொல்லிவைத்தேன். நல்ல தகப்பன் என்றார்.

விண்ணப்பத்தில் மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும். இங்கே அது வழக்கம், வீட்டுக்குள் துவக்கு வருவது வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. என் மனைவி யோகா பேனையைக் கையில் வாங்கினாள். “வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விடப்போறியளோ?” என்றாள். அவள் பயப்படுவதில் நியாயம் இருந்தது. வன்னியில் அவளுடைய தகப்பன் வயலுக்கு வருகிற பன்றியைக் கலைக்க முறைப்படி லைசன்ஸ் எடுத்து ஒரு துவக்கு வைத்திருந்தார். ஒருநாள் பின்னேரம் இயக்கப் பொடியள் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு பொலிஸ் வந்தது. அவர்களிடம் லைசன்ஸ்காரர்களின் பெயர்கள் இருந்தன. துவக்கு எங்கே என்றார்கள். கொண்டுபோய்விட்டார்கள் என்றார். கொண்டுபோகவில்லை, நீதான் கொடுத்தாய் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். மாரி முடிந்து அவர் திரும்பி வந்தபோது இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்க முடியாது. சாகும்வரை சேட்டுப் போட்டுவிட்டது யோகாதான்.

“கள்ளத் துவக்கு வைச்சிருந்தவன் எல்லாம் சுகமா இருந்தவன். லைசன்ஸ் எடுத்தவரின்ர வாசலுக்குத்தான் வந்தவங்கள்” என்றாள். இது கனடா என்றேன். “எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லித்தான் தெரிய வேணுமே?” என்று கையெழுத்தை வைத்தாள். “பிள்ளைக்காண்டி” என்று எனக்கல்ல, பேனைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

சில கிழமைகளின் பின் லைசன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் இணைப்பில் வைத்துக்கொண்டு, யோகாவைக் கேட்டு அழைத்தாள். தனியாகக் கதைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். இது நடைமுறை என்று எனக்குத் தெரியும் என்பதால், எங்கள் அஜின்கோர்ட் தொடர்மாடியின் நடையில் போய் லிப்ற்றடியில் நின்றேன். திரும்பி வந்தபோது யோகாவின் கண் கலங்கியிருந்தது, முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

“நல்லாச் சொல்லிப்போட்டன்” என்றாள்.

“என்ன கேட்டவ?”

“பயம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டவ. ஓம், சரியான பயம் எண்டனான். நீங்கள் நித்திரையில கத்திறதையும், ஒருக்கா என்னை உதைஞ்சு கட்டிலால விழுத்தினதையும் ஒண்டும் விடாமல் சொன்னனான். பாவம், நல்ல மனிசி. ஆறுதலாக் கேட்டுக்கொண்டிருந்தவ. எனக்குப் பாதுகாப்பான இடம் வேணுமோ எண்டும் கேட்டவ.”

“நீர் என்ன சொன்னீர்?”

“அது கனடா எப்பவோ தந்திட்டுது, நன்றி எண்டு சொன்னன்.” என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய குரல் இறங்கியது. “ஏன், பிழையே?”

அகதி விசாரணைக்குப் போய்வந்தவர்களுக்கு நான் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வழக்கறிஞரின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் யோகாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். “தங்கச்சி, அங்கை போய் வீரம் கதைச்சா திரும்ப ஊருக்குப் பிளேன்தான். பயமெண்டு சொல்லுங்கோ. அழுகை வந்தா அழுங்கோ. ஒண்டையும் மறைக்காதேங்கோ.” யோகா மானஸ்தி. பயமில்லை என்றுதான் முதலில் சொல்லிப் பழகினாள், பிறகு மாற்றிப் பழகினாள். என் நித்திரைக் கூச்சலுக்கு ஒரு டொக்டர் கடிதமும் தந்தார். விசாரணை அதிகாரி அதை வாசித்துவிட்டுத் தலையசைத்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். இந்த நாடு எங்களுக்குத் திறந்தது என் கெட்ட கனவால்தான். அதிகாரி ஒருவர் இரக்கமான குரலில் பயமா என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு ஒரே பதில்தான் தெரியும். அவளை நான் எந்த வாயால் ஏச?

அடுத்த கிழமை இரண்டு பொலிஸார் கதவைத் தட்டினார்கள். மரியாதையான பிள்ளைகள், பாதணியைக் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டார்கள். என்னை ஹோலிலும் அவளைக் குசினியிலும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்றார்கள். யோகா என் சேட்டுக்கையைப் பிடித்தாள், விடவில்லை. “பிளீஸ், நோ ரேக் ஹிம்” என்று கும்பிட்டாள். அவள் கும்பிடக் கும்பிட அவர்களுக்கு என்னில் சந்தேகம் கூடியது. இந்த மனிதன் இவளை என்ன பாடுபடுத்தி வைத்திருக்கிறான் என்ற கேள்வி அந்தப் பெண் பொலிஸின் கண்ணில் தெரிந்தது. எனக்காகத்தான் அவள் கும்பிடுகிறாள் என்று சொல்லிப்பார்த்தேன். என் இங்கிலிஷ் அவ்வளவு தூரம் போகவில்லை. பொலிஸார் போன பிறகு யோகா கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டு நிலத்தில் குந்தினாள். “வாசலுக்கு வருவாங்கள் எண்டு சொன்னனான்தானே” என்றாள்.

பிறகு கடிதம் வந்தது. மருத்துவ அறிக்கை வரும்வரை விண்ணப்பம் நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். குடும்ப டொக்டர் பழைய கடிதத்தைத் தேடி எடுத்துவிட்டு, “அந்தக் கனவுகள் நின்றுவிட்டனவா?” என்று கேட்டார். நின்றுவிட்டன என்றால் லைசன்சுக்கு ஒரு வழி பிறக்கும். நான் வந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினேன். அவர் வற்புறுத்தவில்லை. விண்ணப்பத்தை விட்டுவிட்டேன். அபியிடம், எனக்கு வேலை அதிகம், வசதிப்படவில்லை என்றேன். “ஓ, ஓகே அப்பா. நோ வொறிஸ்” என்றாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. தொலைபேசி மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. எனக்கு மனம் விட்டுப்போனது அன்றைக்குத்தான். எத்தனை வருடம் இருந்தாலும் நான் இந்த நாட்டுக்குள் பயந்தவனாக வரலாமே ஒழிய, வேறு ஒருவனாக வர வழியில்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

டேவ் விடவில்லை. லைசன்ஸ் இல்லாவிட்டால் என்ன, குடிலுக்கு வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். யோகா வர மறுத்துவிட்டாள். நவம்பரில் நான் மட்டும் போனேன். ஆண்கள் விடியமுதல் காட்டுக்குள் போய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு அபி வந்தாள். அவள் கறிச்சட்டியைச் சூடாக்க, நான் விறகெடுக்க வெளியே போனேன். முழங்கால் வரை பனி. ஒரு சத்தமும் இல்லை. நல்ல இடமாகத்தான் இருந்தது.

அப்போது வெடி கேட்டது.

நான் விழவில்லை, என் உடம்பு என்னைக் கேட்காமல் தன்னைத் தானே நிலத்தில் போட்டது. கன்னம் பனிக்குள், கை தலைக்கு மேல். விறகு சிதறிக் கிடந்தது. குடிலின் கதவு திறந்து அபி சப்பாத்தும் போடாமல் ஓடிவந்தாள்.

“அப்பா! என்ன நடந்தது? ஆர் யூ ஓகே?”

“வழுக்கிப்போட்டுது பிள்ளை.”

அவள் குனிந்து என் கையைப் பிடித்தாள். அந்த நேரம் இரண்டாவது வெடி கேட்டது. அபி நிமிர்ந்து காட்டின் பக்கம் பார்த்தாள். அவளுடைய முகம் மலர்ந்தது. “அப்பா, கேட்டதே? ஒண்டு விழுத்திட்டினம்!” என்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டு என்னை மேலே தூக்கினாள். நான் என் பலமெல்லாம் கூட்டி அவளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன்.