கொங்கிறீற்றுக்குப் போர்வை

அஜின்கோர்ட் என்ற இந்தக் குளிர்நாட்டு ஊரில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஊர் பார்க்க வந்த எனக்குக் கால்விரல்கள் மரத்துவிட்டன. பின்னால் மாடிக் கட்டடம் ஒன்று எழும்புகிறது. பனிப்புயலிலும் வேலை நிற்காதென்று வேலியில் பெருமையாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நேற்றுப் போட்ட கொங்கிறீற் குளிரில் வெடித்துவிடக் கூடாதாம். தடித்த போர்வை போர்த்தி, பக்கத்தில் ஹீற்றர் வைத்து, வெப்பமானியும் செருகியிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குக்கூட இந்தக் கவனிப்பு கிடைக்காது.

பனி வழித்துக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் போர்வையின் நுனியைத் தூக்கி, அடியிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கிறார்.

"அண்ணை, அதுக்குள்ளயோ சாப்பாடு வைக்கிறனீங்கள்?" என்று வேலிக்கு இப்பால் நின்று கேட்கிறேன்.

"ஓம் தம்பி. நாங்கள் சாப்பிடுற அறையில இருந்த ஹீற்றரைத்தான் இதுக்குக் கொண்டந்து வச்சிருக்கிறாங்கள். அங்க வச்சா புட்டு கல்லாப் போயிடும்."

எஞ்சின் ஓடியபடி நிற்கும் பிக்கப் வண்டியின் கண்ணாடி நாலு விரல் இறங்குகிறது. போர்வையை மூடு, சூடு வெளியே போகிறது என்று சுப்பர்வைசர் ஆங்கிலத்தில் கத்துகிறார்.

அண்ணை மூடுகிறார். சுப்பர்வைசரும் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். அவருடைய சூடும் வீணாகக் கூடாதுதானே.