பெரியதையெல்லாம் பார்க்கக் கிளம்பினோம்

யுத்த காலத்தில் நூல் சரியாகக் கிடைக்காமல் ராசிபுரத்தில் எங்கள் தறி நின்றுபோயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் கண்ணும் கெட்டது. முதலில் அறுந்த இழையைப் பிணைக்கத் தடுமாறினாள். பிறகு அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. எதிரே நிற்கிறவரின் முகத்தைப் புகை மூடினாற்போல இருக்கிறது என்றாள். ஓரத்தில் இருப்பது மட்டும் தெரியுமாம். அதனால் எதைப் பார்ப்பதானாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். நரம்பு வறண்டுகொண்டு வருகிறது, கண்ணாடி போட்டாலும் பிரயோசனமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து, சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, நூலுதான் எனக்குத் தெரியல. மலை தெரியுது, தேரு தெரியுது. பெருசா இருக்கறதெல்லாம் இன்னமும் தெரியுதுங்க. அதுவும் போறதுக்குள்ள போயிப் பாத்துட்டு வந்தரலாம்.”

நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்க வேண்டும் என்றாள். தறி நிற்கிற நேரத்தில் ஊர் சுற்றலா என்று என் அண்ணன் முணுமுணுத்தார். அண்ணி மட்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உலையை மாட்டி, கரியைக் கொட்டிப் புகையில் ஓட்டினார்கள். நாமக்கல்லில் இறங்கும்போது எங்கள் இருவர் வேட்டி சேலையிலும் கரி. அப்படியே கோயிலுக்குப் போனோம். தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெட்டவெளியில் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். அவள் கழுத்தை வளைத்து, பாதத்திலிருந்து மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே போனாள். பக்கத்தில் நின்ற ஒரு விவசாயிக்கு அது பிடிக்கவில்லை. சாமியை நேராகப் பார்த்துக் கும்பிடச் சொன்னார்.

“நேராப் பாத்தா சாமி எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அவள்.

அவர் ஒதுங்கி, அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

அத்தோடு திரும்புவதாகத்தான் பேச்சு. ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும், திருச்செங்கோட்டுக்குப் போகிற வண்டி எது என்று அவளே ஒருவரிடம் விசாரித்தாள். அங்கே மலைப்பாறையில் செதுக்கிய பெரிய நாகம் இருக்கிறதல்லவா, அதைப் பார்க்காமல் எப்படிப் போவது என்றாள்.

“ஊட்ல பிள்ளைங்க தேடுமே” என்றேன்.

“அக்கா இருக்கறாங்க. ஊட்டுக்குப் போனா மறுக்கா கெளம்ப உடமாட்டாங்க.”

அது உண்மைதான். ஏறினோம். பாதி வழியில் ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் உலையைக் கிளறிக் காற்றடித்துப் பார்த்தார். பிறகு ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினோம். சாலையோரத்தில் சுதையில் செய்த முனியப்பன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே பனைமரத்தில் பாதி உயரம். காதுவரை முறுக்கிய மீசை, பிதுங்கிய கண், கையில் அரிவாள். தள்ளிவிட்டு மூச்சு வாங்க நான் வந்தபோது, அவள் அவர் முழங்காலுக்கு நேரே நின்றிருந்தாள். கண்ணின் வெள்ளைகூடத் தெரிகிறது என்று மெல்லிய குரலில் சொன்னாள். யாருடைய முகத்தையும் பார்த்து வெகுநாளாகிவிட்டது அவளுக்கு. அந்த உருட்டி விழிக்கிற முகத்தை விட்டு வர மனமில்லாமல் நின்றாள். டிரைவர் இரண்டுமுறை ஹாரன் அடித்த பிறகுதான் வந்தாள்.

திருச்செங்கோட்டில் சத்திரத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் மலை ஏறினோம். படி அவளுக்குத் தெரியவில்லை. காலால் துழாவி வைத்தாள். இரண்டு இடத்தில் இடறி முழங்கால் சிராய்த்துவிட்டது. டோலி வைத்துக்கொள்ளலாம் என்றேன்; வேண்டாம் என்றாள். இறங்கிவிடலாம் என்றேன். என் தோளைப் பிடித்த கை என்னை முன்னால் தள்ளியது.

நாகம் பாறையோடு பாறையாக நீண்டு கிடந்தது. உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும் கொட்டிச் செக்கச்செவேலென்று இருந்தது. அவள் படமெடுத்த தலையிலிருந்து வால்வரை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே நடந்தாள். திரும்ப வாலிலிருந்து தலைக்கு நடந்தாள். முழங்காலில் ரத்தம் வழிந்ததை நான் சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

அங்கிருந்து மேட்டூர் அணைக்குப் போகலாம் என்றாள். இந்த முறை நான் மறுக்கவில்லை. ஆனால் யுத்தம் என்பதால் அணைமேல் யாரையும் விடுவதில்லை என்று காவல்காரர் தடுத்துவிட்டார். நான் திரும்ப எத்தனித்தேன். அவள் அசையவில்லை.

“மேல ஏற வேண்டாமுங்க. முழுசாத் தெரியற எடம் எதுன்னு காட்டுனாப் போதும்” என்றாள்.

அவர் அவளுடைய சாய்ந்த தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆற்றோரம் ஒரு மேட்டைக் கைகாட்டினார். அங்கே போய் நின்றோம். மலைக்கும் மலைக்கும் நடுவே சுவர் வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

“நடுவுல புகை அப்படியேதானுங்க இருக்குது. ஆனா அந்தப் பக்கமும் அணை, இந்தப் பக்கமும் அணை” என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஊர் திரும்பியதும் அண்ணன் சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளிடம் நாகத்தைப் பற்றி அவரே கேட்டு உட்கார்ந்தார். யுத்தம் முடிந்து தறி ஓடத் தொடங்கியபோது அவளுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிந்தது. விரலால் இழையைத் தடவி நூல் சுற்றினாள். அது அறுந்தால் எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது.

கண் முற்றிலும் போன பிறகு, ஆத்தூர்ப் பக்கம் ஐயனார் கோயில் ஒன்றில் பெரிய மண்குதிரைகள் நிற்பதாக யாரோ சொல்ல, அங்கே போக வேண்டும் என்றாள். போய் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அழைத்துப் போய் ஒரு குதிரையின் பக்கவாட்டில் நிறுத்தினேன்.

“எவ்வளவு பெருசுங்க?”

“ரொம்பப் பெருசு” என்றேன்.

“அது எனக்குப் பத்தாதுங்க. எதவிடப் பெருசுன்னு சொல்லுங்க.”

நான் அதிகம் பேசிப் பழகியவனல்ல. யோசித்து, என் தோள்மேல் அவள் ஏறி நின்றாலும் அதன் காதைத் தொட முடியாது என்றேன். அவள் அண்ணாந்தாள். மணி கட்டியிருக்கிறதா, எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். சொல்லிக்கொண்டே வந்தேன். வாய் திறந்திருக்கிறதா, பல் தெரிகிறதா என்றாள். அதை நான் கவனித்திருக்கவில்லை. அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, முன்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.