அன்சலத்தின் றேஸ் கார்

நோபேட் பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மட்டக்களப்பில் கராஜ் வைத்திருப்பவர். 'நாளைக்கு வண்டி ரெடி' என்று நாள் தவறாமல் பொய் சொல்லுகிறவர்தான். ஆனால் இந்தச் சங்கதி உண்மையாக நடந்தது. சொல்லி முடிப்பதற்குள் அவருடைய தேநீர் ஆறிப்போய்விட்டது. பேயாவது பிசாசாவது என்று எங்களை நக்கலடித்துத் திரிந்த ஆள் அவர்.

வாவிக் கரையோரம் இமெல்டா அன்ரி என்ற வயதான பெண்ணின் வீட்டு வளவில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் ஒரு றேஸ் கார். கம்பெனியில் செய்ததில்லை. அறுபதுகளில் அன்ரியின் தகப்பன் அன்சலமும் அவருடைய தம்பி கிளெமனும் சொந்தக் கையால் கட்டியது. பழைய லொறி எஞ்சின், பட்டறையில் வளைத்த குழாய்கள், அடித்து அடித்து உருவாக்கிய அலுமினியத் தகடு. கொழும்புப் பக்கம் நடக்க இருந்த கிராண்ட் பிறீ பந்தயத்துக்கு என்றுதான் கட்டினார்கள். நம்பர்கூட எழுதியாயிற்று. கடைசி நேரத்தில் கியர்பொக்ஸ் உடைந்து கார் போகவில்லை என்பது ஊர்க்கதை.

காரைத் திருத்த ஒப்புக்கொண்ட நோபேட் முதல் வேலையாக அந்தக் கியர்பொக்ஸைத்தான் கழற்றினார். ஒரு பல்லுக்கும் சேதமில்லை. மனதுக்குள் உறுத்தியது. ஆனாலும் யாரிடமும் கேட்கவில்லை.

போன சித்திரையில் ஒரு பகல். அன்ரி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போயிருந்தார். காற்று மணலை வாரி அடித்ததால் நோபேட் கொட்டில் கதவைச் சாத்தினார். அந்தக் காரில் ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றினால்தான் ஆள் உள்ளே இறங்கலாம், அவ்வளவு ஒடுக்கம். அன்சலத்தின் மெலிந்த இடுப்புக்கு அளந்த ஆசனம், நோபேட்டின் வயிற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எப்படியோ உட்கார்ந்தார். வளையத்தை மாட்டி, நட்டை விரலால் முடுக்கி, இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். நன்றாகத்தான் திரும்பியது.

இறங்குவதற்காக நட்டைத் திருப்பினார்.

அசையவில்லை.

விரலால் முடுக்கிய நட்டு… இரண்டு கையாலும் திருப்பினார். வளையம் தொடையை அமுக்கிப் பிடித்திருந்தது. பெரிய ஸ்பனர் எட்டாத தூரத்தில் மேசைமேல். ஃபோனும் அங்கேதான். சட்டைப் பையில் நட்டுக்குப் பொருந்தாத ஒரு சின்ன ஸ்பனர் மட்டும்.

கூரைத் தகரம் கொதித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முதலில் கோபம் வந்தது, பிறகு பயம். அன்ரி வரும்வரை இந்த வெக்கையில் உயிர் தாங்காது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

டொக்.

முதுகுக்குப் பின்னால். வெயிலுக்குத் தகரம் விரிகிற சத்தம் என்று நினைத்தார். வெளியே யாருக்காவது கேட்கட்டும் என்று சின்ன ஸ்பனரால் ஆசனத்தின் பின்தகட்டில் ஓங்கி அடித்தார்.

டொக்.

பதில் வந்தது. தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து… காரின் வால் பகுதிக்குள்ளிருந்து.

தகட்டில் றிவெட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் சுத்தியலோடு, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை முண்டு கொடுத்துக்கொண்டு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அதனால் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் அடி. இரண்டு என்றால் சரி, அடுத்ததுக்குப் போ. மூன்று என்றால் பிழை, நிறுத்து. நோபேட் அந்த வேலையிலேயே வளர்ந்தவர். மூளை பயத்தில் நின்றுபோனது, கை நிற்கவில்லை. அது பழக்கதோஷத்தில் இரண்டு தட்டிவிட்டது.

ஏதோ நகர்ந்தது. கனமான இரும்பு… தகட்டை உரசிக்கொண்டு… அடுத்த றிவெட்டில் போய் நின்றது. அவருடைய தோளுக்கு நேரே.

டொக்… டொக்… டொக்…

மூன்று. பலமில்லாத தட்டு.

போய்த் தொலையட்டும் என்று நோபேட் மறுபடி இரண்டு தட்டினார்.

டொக் டொக் டொக். டொக் டொக் டொக். தகடு அதிர்ந்தது. யாரோ மூச்சை இழுத்து இழுத்து எடுக்கும் சத்தம்… பிடரிக்குப் பின்னால்.

மாதாவைக் கூப்பிட்டார்.

கடைசியில் அவரும் மூன்று தட்டினார்.

அமைதி.

நட்டு விரலோடு சுழன்றது.

எப்படி வெளியே விழுந்தார் என்று தெரியாது. கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார். ஆளில்லாத கார்… ஒருவர் இறங்கினாற்போல் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

பின்னேரம் அன்ரி வந்தார். நோபேட் எல்லாவற்றையும் கொட்டினார். அன்ரி சிரிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கியர்பொக்ஸ் கதை ஊருக்காகச் சொன்னதாம். பந்தயத்துக்கு முதல் நாள் பகல், சித்தப்பா கிளெமன் வாலுக்குள் படுத்து முண்டு கொடுத்தார். வெளியே இருப்பவர் காலைப் பிடித்து இழுத்தால்தான் உள்ளே இருப்பவர் வரமுடியும். காரை ஏற்றிப்போக லொறி வாசலில் நின்றது. சித்தப்பா மூன்று தட்டினார். பப்பா அன்சலம் அவசரத்தில் இரண்டு தட்டிவிட்டு அடித்துக்கொண்டே போனார். இழுத்து எடுத்தபோது மூச்சில்லை. சின்னப் பிள்ளையாக அன்ரி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

நோபேட்டுக்கு அழுகை வந்தது. தானும் அதே இரண்டைத்தானே தட்டினோம் என்று நினைத்தார்.

"மூண்டு எண்டா பிழை, நிப்பாட்டு எண்டுதானே அன்ரி?"

"உங்கட கராஜில அப்படி இருக்கும் தம்பி. இஞ்ச மூண்டு தட்டினா ஆள் மாறுறது. உள்ளுக்கு வெக்கை தாங்காதெல்லா. உள்ளுக்கு இருக்கிறவர் வெளிய வருவார்." அன்ரி கொட்டில் பக்கம் பார்க்காமல் சொன்னார். "மறுகா அவர்ர இடத்துக்கு மற்றவர் உள்ளுக்குப் போகணும்."

கிளெமன் வெளியே வந்துவிட்டார்.

நோபேட் இன்னும் உள்ளே போகவில்லை.