லைன் வீடுகளை எழுப்பியவள்

மில்லை மூடிய பிறகு அவள் செய்து பார்க்காத வேலை இல்லை. தள்ளுவண்டியில் காய்கறி விற்றாள். நூல் மெஷின்களுக்கு நடுவே கத்திப் பேசியே பழகிய தொண்டை. அவள் விலை சொன்னால், வாங்க வந்தவர்கள் திட்டுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். துணி தேய்த்துக் கொடுத்தாள். வேலை போன ஊரில் மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு எங்கே போவது? கடைசியில், மில்லை உடைக்க வந்த பழைய இரும்புக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டாள். அது நன்றாகத்தான் போனது. மில் தீர்ந்ததும் சமையலும் தீர்ந்தது.

"உன் மெஷினை உடைக்கிறவனுக்கு நீயே சோறு போட்டியே, உன்னை மாதிரி இன்னொருத்தி பொறந்துதான் வரணும்" என்றார் அவள் வீட்டுக்காரர். பஞ்சுத்தூசி அவர் நெஞ்சில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. கட்டிலில் இருந்தபடியே ஊர்வம்பு பேசுவார், மூச்சு வாங்கும் வரை.

"அவன் பட்டினியா உடைச்சா மட்டும் மெஷினுக்கு வலிக்காதா?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்று, வேலையாட்களை ஏற்றிப்போக விடியற்காலையில் வேன் அனுப்பியது. அவளைப் பார்த்து, "வயசாயிடுச்சும்மா" என்றுவிட்டார்கள். மில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் இருந்த இளவட்டங்கள் வீட்டுக்கு ஒருவராவது சேர்ந்தார்கள். சேர்ந்து என்ன? வேன் வரும்போது பாதிப்பேர் தூக்கத்தில் இருந்தார்கள். சனிக்கிழமை டிரைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆரன் அடிச்சு என் கைதான் தேயுது. திங்கக்கிழமை அத்தனை பேரும் நிக்கணும். இல்லேன்னா வண்டி இந்தப் பக்கம் திரும்பாது. ஆளுக்கா பஞ்சம்?"

"நான் எழுப்பி விடறேன்" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. லைன்காரர்கள் பக்கம் திரும்பினாள். "சம்பளத்தில எனக்கும் ஒரு பங்கு குடுங்க. எழுப்பலைன்னா ஒண்ணும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே ஒத்திகை பார்த்தாள். கதவு கதவாகத் தட்டினாள். தட்டை எடுத்துத் தட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு ஜீவன் அசையவில்லை. நாய்கள் மட்டும் எழுந்து வந்து, என்ன ஏது என்று பார்த்துவிட்டுப் போயின.

"உன்கூட இத்தனை நாள் குடும்பம் நடத்தினவன் சொல்றேன், கேட்டுக்கோ" என்றார் வீட்டுக்காரர். "சத்தத்துக்கெல்லாம் இந்த லைன்ல எவனும் எந்திரிக்க மாட்டான்."

கிண்டலாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருந்தது. மில் இருந்தவரை லைன் வீடுகளின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இரவும் பகலும் மெஷின்கள் ஓடின. அந்த இரைச்சலே அங்கே தாலாட்டு. அது நின்றால்தான், என்ன ஆச்சோ என்று தெருவே எழுந்து உட்காரும். மில் மூடியதும் அமைதி தாங்காமல் வீட்டுக்கு வீடு மின்விசிறி வாங்கினார்கள், கடகடக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்த்து. சத்தம் போடவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

அவளுக்குப் பொறி தட்டியது. லைன் முனையில் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்ச். அன்று மதியம், தெரு உண்டுவிட்டுக் குறட்டை விடும் நேரம் பார்த்துப் போய் இழுத்தாள். கடகடப்பு மொத்தமும் அடங்கியது. ஒரு கட்டில் கிறீச்சிட்டது. ஒரு இருமல். பிறகு வரிசையாகக் கதவுகள் திறந்தன.

"எவன்டா கரண்ட்டைப் புடுங்கினது?"

"எவனும் இல்ல, நான்தான்" என்றாள். "நாளைக்கும் இதேதான். ஃபேன் நின்னா கிளம்பிடணும்."

அன்றிரவு, விடிய வெகுநேரம் இருக்கையில், விசிறி நின்று அவளே விழித்துக்கொண்டாள். பதறி வெளியே ஓடினால், லைன் முழுவதும் தலைவாரி, சாப்பாட்டுப் பையும் கையுமாக முனையில் நிற்கிறது.

"எங்கக்கா வேன்?" என்றான் பக்கத்து வீட்டுக்காரரின் மச்சினன்.

"நான் நிறுத்தலைடா. கரண்ட் போயிருக்கு."

அவர்கள் திட்டிய திட்டு அவளுக்கு உறைக்கவில்லை. கரண்ட் வராமலே இருந்தால் விடியலில் எதை நிறுத்தி இவர்களை எழுப்புவது? அந்தக் கவலையில் நின்றாள். அவர்கள் உள்ளே போய்ப் படுத்தார்கள். புரண்டார்கள். சற்று நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சுவரோரம் குந்தினார்கள்.

"ஒரே அமைதியா இருக்கு. எப்படித் தூங்கறது?"

வந்த சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். ஊர்க்கதை பேசிப் பேசியே விடிந்தது. வேன் வந்தது. டிரைவர் ஆரனில் வைத்த கையை எடுத்துவிட்டு, ஏறுகிற ஆட்களை வாய் பிளந்து பார்த்தார்.

"என்னக்கா மாயம் பண்ணே? அடுத்த லைனையும் நீயே எழுப்பி விடேன்."

அன்று சாயங்காலம் இரண்டு லைன்களுக்கும் போய்ச் சொல்லி வந்தாள். "போன கரண்ட் உடனே திரும்பி வந்தா அது நான். வரலைன்னா கரண்ட் ஆபீஸ்காரன். எந்திரிக்காதீங்க."

"உடனே வந்துச்சுன்னா மறுபடியும் தூங்கிடுவோமே" என்றான் மச்சினன்.

"தூங்கு. மறுபடியும் புடுங்குவேன்."